மொண்ணை உளியும் இரண்டரை லட்சத்துச் சாணையும்

மரவேலை பழகப் புறப்படுகிறவர் முதலில் ஓர் உளி வாங்குகிறார். உளி மழுங்குகிறது. தீட்டுவதற்கு ஒரு கல் வாங்குகிறார். கல்லில் தேய்க்கையில் கோணம் பிசகுகிறது என்று யாரோ சொல்ல, உளியைக் கவ்விக்கொண்டு உருளும் சக்கரப் பிடி ஒன்று வருகிறது. கல்லின் நடுவில் குழி விழுந்தது தெரிந்ததும் அதைச் சமப்படுத்த இன்னொரு கல்லும், அந்த இன்னொரு கல்லை நம்ப முடியாமல் ஒரு வைரத் தகடும் வீட்டுக்குள் நுழைகின்றன. பிறகு எண்ணெய், எண்ணெய் துடைக்கத் துணி, பச்சைப் பசை, பசை பூசத் தோல், எல்லாவற்றையும் அடுக்கிவைக்க ஒரு பெட்டி. அந்தப் பெட்டியைக் கடையில்தான் வாங்குகிறார். பெட்டி செய்கிற அளவுக்கு உளியில் இன்னும் கூர் ஏறவில்லை. சாணைச் சாமான்கள் மீது நான் வைக்கும் குற்றச்சாட்டு ஒன்றே ஒன்றுதான். அவற்றில் பாதிக்கு மேல் தீட்டுவதைத் தள்ளிப்போடுவதற்காக வாங்கப்படுபவை. காசைக் கொடுத்தாயிற்று, இனிக் கூர் தானே வரும் என்று உள்மனம் நினைத்துக்கொள்கிறது. கூர் வருவதில்லை. அடுத்த சாமான்தான் வருகிறது.

இந்த நம்பிக்கையின் உச்சாணிக் கொம்பில் உட்கார்ந்திருப்பது சுவீடன் நாட்டு டோர்மெக். 1973இல் தொடங்கிய நிறுவனம். அதன் டி-8 ரகத்தில் 250 மில்லிமீட்டர் விட்டமுள்ள சக்கரம் தண்ணீர்த் தொட்டியில் நனைந்தபடி நிமிடத்துக்கு 90 சுற்று மட்டும் சுற்றும். உருக்கு சூடேறாது, பொறி பறக்காது, அயலவர் எழுந்து வந்து திட்டுகிற சத்தமும் இல்லை. அருமையான இயந்திரம், அதில் மறுபேச்சு கிடையாது. விலை 800 டொலருக்குக் குறையாது. டொலரை 300 ரூபா என்று வைத்துக்கொண்டாலும் 2 லட்சத்து 40 ஆயிரம் ரூபா. கப்பல் கூலியும் சுங்க வரியும் தனி. 2024இல் இலங்கைத் தோட்டத் தொழிலாளியின் அடிப்படை நாட்சம்பளம் 1,350 ரூபா என்று நிர்ணயிக்கப்பட்டது. ஆக, அந்தச் சம்பளக் கணக்கில் மடுல்கெல்லயில் கொழுந்து எடுக்கும் ஒருவர் இந்தச் சக்கரத்துக்கு ஆசைப்பட்டால் சாப்பிடாமல், கடைக் கணக்கு அடைக்காமல், பிள்ளைக்குக் கொப்பி வாங்காமல் 178 நாள் முழுப் பேர் (முழு நாளுக்கான சம்பளப் பதிவு) விழ வேண்டும். நக்கிள்ஸ் மலை அடிவாரத்து மழையில் முழுப் பேர் விழுவதே பெரும்பாடு.

ஆனால் அதே மலைச்சரிவில், டோர்மெக்கின் பெயரைக்கூடக் கேள்விப்படாதவர்களின் கையில், கூர் விஷயத்தில் எள்ளளவும் விட்டுக்கொடுக்காத ஓர் உருக்கு இருக்கிறது. கவ்வாத்துக் கத்தி. தேயிலைச் செடியைச் சில ஆண்டுகளுக்கு ஒருமுறை கவ்வாத்து வெட்டியாக வேண்டும். வெட்டு சாய்வாகவும் வழவழப்பாகவும் விழ வேண்டும். மொண்ணைக் கத்தி கிளையை வெட்டாது, பிளக்கும். பிளந்த இடத்தில் தண்ணீர் தங்கும். தண்ணீர் தங்கினால் செடி அங்கிருந்து அழுகத் தொடங்கும். அழுகலைக் கங்காணி பார்ப்பது பிறகு. அதற்கு முன், மத்தியானத்துக்குள், வெட்டுகிறவரின் தோள்பட்டையே மொண்ணையைச் சொல்லிவிடும். இந்தக் கத்தியின் அலகு வளைந்தது. தட்டைக் கல்லில் முழுதாகப் படியாது, சக்கரப் பிடி எதிலும் பொருந்தாது, எந்தக் கோண அளவியும் அதை ஏற்றுக்கொள்ளாது. ஆகவே கத்தியை அசையாமல் பிடித்துக் கல்லை அதன்மேல் நகர்த்த வேண்டும். அலகின் அடியிலிருந்து மூக்கு வரை, வளைவு திரும்பும் இடத்தில் மணிக்கட்டும் திரும்ப, சின்னச் சின்ன இழுப்பு. பிறகு பெருவிரல் அலகின் குறுக்கே (நெடுக்கே போனால் விரல் போய்விடும்) மெல்லத் தடவுகிறது. மறுபக்கம் இரண்டு இழுப்பு. முடிந்தது. ஒரு கல், இரண்டு கை, ஒரு பெருவிரல். முதலீடு இவ்வளவுதான்.

கவ்வாத்துக் கத்தி எங்கே, இழைப்புளி எங்கே, கிளை வெட்டும் முரட்டுக் கூரை மேசை செய்கிற கூரோடு ஒப்பிடலாமா என்று கேட்கலாம். கேள்வி சரிதான். அதற்குப் பதில் சொல்ல, கூர் என்றால் என்ன என்று பார்க்க வேண்டும். இரண்டு பரப்புகள் சந்திக்கும் கோடுதான் கூர். அந்தக் கோடு உருண்டுபோனால் மொண்ணை. உளியை ஜன்னல் வெளிச்சத்துக்கு நேராக, அலகு கண்ணைப் பார்க்கும்படி பிடித்துப் பாருங்கள். அலகு நெடுக மெல்லிய வெள்ளைக் கோடு மின்னினால் அது உருண்ட விளிம்பில் பட்டுத் திரும்பும் ஒளி. மின்னும் இடமெல்லாம் மொண்ணை. கூரான அலகு ஒளியைத் திருப்பி அனுப்பாது, அங்கே பார்க்க எதுவுமே இருக்காது. ஒரு தலைமயிரின் தடிப்பு ஏறத்தாழ 70 மைக்ரோன். வாட்டர் பேப்பரில் 400ஆம் நம்பர்த் துகள் 35 மைக்ரோன், 1000ஆம் நம்பர் 18, 2000ஆம் நம்பர் 10. முரட்டுக் கூருக்கும் மெல்லிய கூருக்கும் உள்ள வேறுபாடு இந்தத் துகளின் அளவு மட்டும்தான்; முறை ஒன்றே. ஒரு பக்கத்தை, மறுபக்கத்தில் பிசிறு எழும்பும் வரை தேய்ப்பது; பிறகு பிசிறை எடுப்பது. கவ்வாத்துக்காரர் நிறுத்தும் இடத்திலிருந்து தச்சர் இன்னும் இரண்டு படி போகிறார். அந்த இரண்டு படியின் விலை ஒரு தாளும் ஒரு துண்டுத் தோலும்.

பிசிறைப் பற்றிக் கொஞ்சம் நின்று பேச வேண்டும். சாணைச் சாமான் வாங்கிக் குவிப்பவர்கள் எல்லாரும் தவறவிடும் இடம் இதுதான். உளியின் சரிவைக் கல்லில் தேய்க்கத் தேய்க்க உருக்கு மெலிந்து, விளிம்பைத் தாண்டி மறுபக்கம் மடங்கி எழும்பும். கண்ணுக்குத் தெரியாது. உளியின் தட்டைப் பக்கத்தில் விரலை வைத்து விளிம்புக்கு வெளியே இழுத்தால் நகத்தில் லேசாகத் தட்டுப்படும். அலகின் இந்த மூலையிலிருந்து அந்த மூலை வரை தட்டுப்பட்டால் கல்லின் வேலை முடிந்தது. ஒரு மூலையில் தட்டுப்படவில்லை என்றால் அங்கே இன்னும் பழைய மொண்ணை இருக்கிறது, எவ்வளவு விலையுயர்ந்த மெல்லிய கல்லுக்கு மாறினாலும் அது போகாது. அநேகர் பிசிறு எழும்பு முன்பே பொறுமை இழந்து அடுத்த கல்லுக்குத் தாவுகிறார்கள். அதிலும் கூர் வராமல் அதற்கடுத்த கல்லை வாங்கப் போகிறார்கள். கடைக்காரருக்கு இது தெரியும். அவர் சொல்ல மாட்டார்.

இனிச் சாமான் கணக்கு. ஒருபக்கம் முரடும் மறுபக்கம் மென்மையுமான கறுப்புச் சாணைக்கல் ஒன்று. அது சிலிக்கன் காபைட்டு. 1891இல் எட்வர்ட் அச்செசன் என்ற அமெரிக்கர் களிமண்ணையும் கரியையும் மின்சாரத்தில் சுட்டுச் செயற்கை வைரம் செய்யப் பார்த்தபோது கிடைத்த சரக்கு. வைரம் செய்யப் போனவர் சாணைக்கல்லோடு திரும்பினார், காபரண்டம் என்று பெயரும் வைத்தார். மரவேலைக்காரர்களைக் கேட்டால் அவர் தோற்றதுதான் நல்லது என்பார்கள். 1954 முதல் சென்னையின் காபரண்டம் யுனிவர்சல் நிறுவனம் இந்த வகைச் சரக்கைச் செய்கிறது, ஆகவே இதற்காக சுவீடனைப் பார்க்க வேண்டிய தேவை இல்லை. கிரைண்டர்ச் சக்கரம் வேறு சரக்கு: இரத்தினபுரியில் தோண்டி எடுக்கும் நீலக்கல்லும் கிரைண்டரில் சுற்றும் சாம்பல் நிறச் சக்கரமும் அடிப்படையில் ஒரே பொருள், அலுமினியம் ஒக்சைட்டு. ஒன்று உளியைத் தேய்க்கும், மற்றது சட்டைப்பையை. கண்டிக் கைவினைகளைப் பற்றி 1908இல் பெருநூல் எழுதிய ஆனந்த குமாரசுவாமி, 1903 முதல் 1906 வரை இலங்கையின் கனிம ஆய்வுக்குப் பொறுப்பாக இருந்த நிலவியலாளர். கல்லைத் தெரிந்தவருக்கே உளியின் அருமை தெரியும் என்று இதிலிருந்து நிரூபிக்க ஆசைதான். ஆனால் அது கட்டுரைக்காக நான் வளைக்கும் கோணம், விட்டுவிடுவோம்.

கல்லுக்கு அடுத்தது ஒரு கண்ணாடித் துண்டு. ஜன்னலில் உடைந்தது போதும், ஓரத்தை மட்டும் கல்லில் உரைத்து மழுக்கிக்கொள்ள வேண்டும். அதன்மேல் தண்ணீர் தெளித்து 1000, 2000 வாட்டர் பேப்பரை ஒட்டினால் அதுவே சமதளக் கல். அடுத்தது அறுந்துபோன தோல் பெல்ட், ஒரு பலகையில் ஒட்டியது. அதில் பூச, பித்தளை விளக்குக்குப் போடும் மெற்றல் பொலிஷ். அப்புறம் ஒரு மார்க்கர் பேனா. இதைச் சாணைச் சாமான் பட்டியலில் எந்தக் கடையும் சேர்ப்பதில்லை, ஆனால் சக்கரப் பிடியைவிட அதிகம் உதவுவது இதுதான். சரிவு முழுவதும் மையைத் தடவி, கல்லில் இரண்டு இழுப்பு இழுத்துப் பாருங்கள். மை விளிம்பில் மட்டும் போயிருந்தால் உளியை நிமிர்த்திவிட்டீர்கள், பின்னால் மட்டும் போயிருந்தால் படுக்கவைத்துவிட்டீர்கள். கோணம் அளக்கப் பாகைமானியும் தேவையில்லை. சரிவின் நீளம் உளியின் தடிப்பைப் போல இரண்டு மடங்கு இருந்தால் அது 30 பாகை. இரண்டே கால் மடங்குக்குச் சற்று மேல் என்றால் 25 பாகை. 30 பாகைக்கு, 4 மில்லிமீட்டர் தடிப்பான உளியில் 8 மில்லிமீட்டர் சரிவு. கல்லில் குழி விழுந்தால் சீமெந்துத் தரையில் ஆற்றுமணலும் தண்ணீரும் போட்டுத் தேய்த்தால் சமமாகும். சமையலறைக் கத்திக்கு இவ்வளவுகூட வேண்டாம். தேநீர் குடித்த பீங்கான் கோப்பையைக் கவிழ்த்தால் அடியில் மினுக்குப் பூச்சு இல்லாத வளையம் இருக்கும். அவசரத்துக்கு அதுவே சாணை. தேயிலை விளையும் ஊரில் கோப்பைக்குப் பஞ்சம் வராது.

கையால் பிடித்தால் ஒவ்வொரு தடவையும் கோணம் மாறிவிடுமே என்பது முதல் ஆட்சேபம். மாறும். இரண்டு மூன்று பாகை மாறத்தான் செய்யும். பலா மரம் பாகைமானியோடு காத்திருப்பதில்லை. 27 பாகையில் வந்த உளியை 25 பாகை இல்லை என்று திருப்பி அனுப்பிய மரம் இதுவரை முளைக்கவில்லை. பிழைபோகும் இடம் வேறு. ஒரே இழுப்புக்குள் கை ஆடினால் சரிவு உருண்டுவிடும், உருண்டால் கூர் இல்லை. அதற்கு மருந்து முழங்கையை உடம்போடு ஒட்டிவைத்து இடுப்பிலிருந்து ஆடுவது. அதுவும் கைவராதவர் 25 பாகையில் ஒரு மரக்கட்டையை அறுத்துக் கல்லின் தலைமாட்டில் வைத்து, உளியை அதில் படியவைத்துப் பார்த்துக்கொள்ளலாம். அந்தக் கட்டையைத்தான் கடையில் அலுமினியத்தில் செய்து பெட்டியில் போட்டு விற்கிறார்கள்.

இரண்டாவது ஆட்சேபம் கொஞ்சம் கனமானது: நல்ல வேலைக்கு நல்ல சாதனம் வேண்டாமா? கண்டிக்குப் பக்கத்தில் எம்பெக்க தேவாலயம் இருக்கிறது. 14ஆம் நூற்றாண்டு, கம்பளையிலிருந்து மூன்றாம் விக்கிரமபாகு ஆண்ட காலம். தூண்களில் அன்னமும் மல்லரும் தாயும் சேயுமாகச் செதுக்கல்கள். கூரையின் ஒரு முனையில் 26 கைமரங்கள் ஒரே மர ஆப்பில் வந்து கோத்து நிற்கின்றன. அதைச் செய்தவர்கள் கையில் இருந்தது கல்தான். அந்தக் காலத்தில் மோசமான வேலையும் நடந்திருக்கும், அதையெல்லாம் கறையான் தின்றுவிட்டு நல்லதை மட்டும் நமக்கு விட்டுவைத்தது என்று நீங்கள் மடக்கலாம். நியாயம்தான். கல்லில் தீட்டியவர் எல்லாரும் எம்பெக்க கட்டிவிட்டார்கள் என்று நான் சொல்லவில்லை. எம்பெக்க கட்டுவதற்குக் கல் குறுக்கே நிற்கவில்லை, அவ்வளவுதான் வாதம். வீட்டுக்கு ஒரு முக்காலி செய்யப் போகிறவருக்கு அது போதாதா?

கடைசல்காரர்கள் இப்போது கையை உயர்த்துவார்கள். அவர்களுக்கு உரிமை உண்டு. உளியால் கொத்துகிறவருக்கு மரம் சும்மா கிடக்கும். கடைசலில் மரம் ஓடி வந்து உளியில் உரசும். 75 மில்லிமீட்டர் விட்டமுள்ள கட்டை நிமிடத்துக்கு 1,500 சுற்று சுற்றினால் ஒரு நிமிடத்தில் 350 மீட்டருக்கு மேல் மரம் அலகைக் கடக்கிறது. பத்து நிமிடத்தில் மூன்றரைக் கிலோமீட்டர்; கண்டி வாவியை ஒருமுறை சுற்றி வந்த தூரத்துக்குக் குறையாது. தேக்காக இருந்தால் அதற்குள் இருக்கும் சிலிக்கா வேறு அலகைத் தின்னும். ஆகவே கடைசல் உளியை ஒரு கிண்ணம் முடிவதற்குள் பல தடவை தீட்ட வேண்டும். கிண்ணம் குடையும் வளைஉளியின் சரிவு 40 முதல் 60 பாகை வரை, அதுவும் விரல்நகத்தின் வளைவில்; சுரண்டும் உளி 70, 80 பாகை. இவ்வளவையும் கல்லில் கையால் செய் என்று சொல்கிறவர் கடைசல் பொறியைத் தூரத்திலிருந்து மட்டும் பார்த்தவர். இங்கே நான் இறங்கி வருகிறேன்: கடைசல்காரருக்குக் கிரைண்டர் தேவை. விலைகூடிய கிரைண்டர் தேவையில்லை.

இறங்கி வந்தாலும் ஒன்றைச் சொல்லாமல் விட மாட்டேன். கண்டிக்குப் பக்கத்து ஹுரிகடுவவில் அரக்கு வேலை பரம்பரைத் தொழில். கடைந்த மரம் சுற்றிக்கொண்டிருக்கும்போதே நிற அரக்குக் குச்சியை அழுத்துவார்கள். உரசும் சூட்டில் அரக்கு உருகி மரத்தில் படியும். அடியில் மரம் பிசிறாகக் கிடந்தால் மேலே ஏற்றும் சிவப்பும் மஞ்சளும் அதை ஊருக்கே காட்டிக்கொடுக்கும். பழைய பொறிகளில் மோட்டர் கிடையாது. கயிறு இழுக்க மரம் முன்னும் பின்னுமாகச் சுற்றும். முன்னே வரும் பாதிச் சுற்றில்தான் உளி வெட்டும். அந்த வலுவில் மொண்ணை உளியை மரத்துக்குள் நெட்டித் தள்ள முடியாது. வலுக்குறைந்த பொறிக்கு நல்ல கூர் கட்டாயம். ஒரு குதிரைவலு மோட்டர் வந்த பிறகுதான் மொண்ணையோடும் கடையலாம் என்று ஆயிற்று. மோட்டர் மொண்ணையை மறைக்கிறது, மிச்சத்தை சேண்ட் பேப்பர் மறைக்கிறது.

தீட்டாததற்கு விலையே இல்லை என்று நினைக்கிறவர்கள் அந்த சேண்ட் பேப்பர்க் கணக்கைப் பார்க்க வேண்டும். மொண்ணை உளி மர நாரை வெட்டாமல் பிடுங்குகிறது. பிடுங்கிய குழி ஆழத்துக்கு 80ஆம் நம்பர். 80 போட்ட கீறலுக்கு 120. 120இன் கீறலுக்கு 180, பிறகு 240. கினிசப்பு மரக் கிண்ணம் ஒன்றுக்கு நாலு தாள், அரை மணி நேரம், மூக்கு நிறையத் தூள். கூரான உளி கடைசி இழைப்பில் விட்டுப்போகும் பரப்புக்கு 240 மட்டும் போதும். கல்லுக்கு ஒருமுறை காசு, தாளுக்கு ஆயுள் முழுக்கக் காசு. இதே கணக்கு எனக்கு எதிராகவும் திரும்பும்: கண்ணாடியில் ஒட்டும் வாட்டர் பேப்பரும் தாள்தானே? ஆமாம். தொடங்கும்போது மலிவு, நாள் போகப் போகச் செலவு. ஆகையால்தான் கரடுமுரடான வேலையைக் கல்லுக்குக் கொடுத்துவிட்டுத் தாளைக் கடைசித் துடைப்புக்கு மட்டும் வைத்துக்கொள்ளச் சொல்கிறேன். கையில் காசு சேர்ந்ததும் அந்த இடத்துக்கும் மெல்லிய கல் ஒன்று வாங்கினால் தாளை மறந்துவிடலாம்.

கிரைண்டர் உருக்கைச் சுட்டுவிடும் என்பது அடுத்த பயம். நமது 50 ஹேர்ட்ஸ் மின்சாரத்தில் சாதாரண 6 அங்குலக் கிரைண்டர் நிமிடத்துக்கு ஏறத்தாழ 2,900 சுற்று சுற்றும். சக்கரத்தின் விளிம்பு மணிக்கு 80 கிலோமீட்டருக்கு மேல் ஓடுகிறது. பன்வில மலைப்பாதை வளைவுகளில் எந்த பஸ்ஸும் எட்டாத வேகம். பழைய கார்பன் உருக்கு உளியை அதில் அழுத்தினால் சில வினாடியில் அலகு நீலம் பூக்கும். 300 பாகை செல்சியஸை நெருங்கிவிட்டது, பதம் போயிற்று என்று அர்த்தம். நீலம் போகும் வரை தேய்த்துத் தள்ளுவதைத் தவிர வழியில்லை. ஆனால் இன்றைக்குக் கடைசல் உளிகள் பெரும்பாலும் ஹைஸ்பீட் உருக்கு. அது 600 பாகை அளவு வரை பதம் விடாது. ஆகவே பயம் பழைய உளிக்குப் பொருந்தும், கடைசல் உளிக்கு அவ்வளவாகப் பொருந்தாது. எது எது என்று தீப்பொறியைப் பார்த்தே சொல்லலாம். கார்பன் உருக்கின் பொறி வெள்ளையாகக் கிளைவிட்டு வெடிக்கும், ஹைஸ்பீட் உருக்கின் பொறி மங்கிய செம்மஞ்சளாக, வெடிப்புக் குறைவாகப் பறக்கும். முன்னதை அடிக்கடி தண்ணீரில் தோயுங்கள். பின்னதைத் தோய்க்காதீர்கள், திடீர்க் குளிரில் நுண்வெடிப்பு விழும். சக்கரத்தை மாட்டு முன் விரலில் தொங்கவிட்டு மரக்கட்டையால் தட்டுங்கள். கணீர் என்றால் மாட்டலாம், டொக் என்றால் வெடிப்பு இருக்கிறது, குப்பையில் போடுங்கள். கிரைண்டரோடு வரும் தகரத் தாங்கியைக் கழற்றிவிட்டு, வேண்டிய கோணத்தில் மரத்தில் ஒரு தாங்கி செய்து போல்ட் போட்டால் போதும். கோணம் கோணமாகத் திருகும் விலைகூடிய தாங்கிகள் இதையேதான் செய்கின்றன, திருகாணி மட்டும் அதிகம்.

கிரைண்டருக்கும் வழியில்லாதவருக்கு இன்னொன்று. கடைசல் பொறியே ஒரு சாணைப் பொறி என்பதை அதன் சொந்தக்காரர்களே மறந்துவிடுகிறார்கள். வட்டப் பலகை ஒன்றில் 120ஆம் நம்பர்த் தாளை ஒட்டிப் பொறியில் மாட்டி, வேகத்தைக் குறைத்து, அலகுக்கு எதிராக வராமல் அலகிலிருந்து விலகி ஓடும் பக்கத்தில் உளியை வைத்தால் சாணை ஆயிற்று. அதற்கு முன் சீவல்களைக் கூட்டித் தள்ள வேண்டும். பொறி பறக்கும் இடத்தில் காய்ந்த சீவல் கிடந்தால் உளி கூராகும், பட்டறை இருக்காது.

இயந்திரம் இருந்தால் சுருக்கென்று முடியும், நேரமும் காசுதானே என்கிறவர்களுக்கு 2022 மார்ச் கடைசி நினைவிருக்கும். நாளுக்கு 13 மணி நேர மின்வெட்டு. இரண்டு லட்ச ரூபாச் சாணையும் இரண்டாயிரம் ரூபாச் சாணையும் அன்று ஒரே வேகத்தில் சுற்றின. கல்லுக்குக் கரன்ட் வேண்டாம், டீசல் வரிசையும் வேண்டாம். சாதாரண நாளிலும்கூட, மழுங்கத் தொடங்கியதும் தோலில் பத்து இழுப்பு இழுத்தால் உளி திரும்ப வெட்டும். அதற்கு ஆகும் நேரத்தில் இயந்திரத்துக்குத் தொட்டியில் தண்ணீர் ஊற்றிப் பிடியைத் திருகி முடித்திருக்க மாட்டீர்கள். நேரம் போவது அடிக்கடி தீட்டுகிறவருக்கு அல்ல. முற்றாக மழுங்கும் வரை காத்திருந்து, விளிம்பில் பல் விழுந்த பிறகு ஞாயிற்றுக்கிழமை முழுவதும் தேய்க்கிறவருக்குத்தான்.

தீட்டிய உளி கூரா என்று பார்க்க முன்கை மயிரைச் சிரைத்துக்காட்டும் பழக்கம் ஒன்றுண்டு. வலக்கைக்காரத் தச்சர்களின் இடக்கை பாலகன் கையாக இருப்பதற்கு அதுவே காரணம். மயிர் சுமாரான கூரிலும் சிரையும்; அல்பீசியா மாதிரி மிருதுவான மரத்தின் தலைப்பக்கத்தை வெட்டிப் பாருங்கள். கூரான உளி அங்கே மினுமினுப்பான பரப்பை விட்டுப்போகும், மொண்ணை உளி நாரை நசுக்கி வெளிறவைக்கும். தெருவில் வரும் சாணைக்காரரிடம் கொடுத்தால் என்ன என்று கேட்டால், கத்தரிக்கோலையும் காய்கறிக் கத்தியையும் தாராளமாகக் கொடுங்கள், அவருக்கும் வருமானம் வேண்டும். உளியைக் கொடுக்க வேண்டாம். அவர் வருவது எப்போதாவது, உளிக்குப் பசிப்பது நாளுக்கு மூன்று தடவை. ஆகவே உளியும் இழைப்புளியும் மட்டும் வைத்திருப்பவர் ஒரு கல், ஒரு துண்டுத் தோல், ஒரு மார்க்கர் பேனாவோடு கடையைவிட்டு வெளியே வரலாம். கடைசல்காரர் அதோடு மலிவான கிரைண்டர் ஒன்று சேர்த்துக்கொள்ளலாம், கூடவே கண்ணுக்குப் போடும் பாதுகாப்புக் கண்ணாடி ஒன்று. அந்தக் கண்ணாடியில் மட்டும் பேரம் பேசாதீர்கள்.